எசாயா 53: துன்புறும் ஊழியன் யார்? யூதர்கள் இதை எப்படி வாசிக்கிறார்கள்?

குருநகர்_மறைப்பள்ளி

எல்லோருக்கும் வணக்கம். தவக்காலம் வருகிறது. பங்கில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த முறை எசாயா 53 ஐ ஆறுதலாக இருந்து படிப்பிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மற்றவர்களுடைய பாவத்துக்காக வாய்திறவாமல் அடிபட்டுச் சாகிற ஒரு ஊழியனைப் பற்றிய அதிகாரம் அது. நாங்கள் அவரை இயேசு என்று வாசிக்கிறோம். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் முதல் வாசகமாக வருகிற பகுதி. ஆனால் அந்தப் பின்னேர வெக்கையிலும் சன நெரிசலிலும் யார் அதைக் கவனித்துக் கேட்கிறார்கள்?

போன கிழமை ஒரு பொடியன் போனைக் கொண்டுவந்து காட்டினான். வட்ஸ்அப்பில் வந்த காணொளி. யூத குருமார் தங்கள் சனத்துக்கே காட்டாமல் மறைத்து வைத்த அதிகாரம் என்று தலைப்பு. வகுப்பு முழுக்க அதை நம்பிவிட்டது. எனக்கு அதில் ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் மறுத்துச் சொல்ல விஷயம் தெரியவில்லை.

யூதர்கள் உண்மையில் இதை வாசிப்பதில்லையா? வாசித்தால் ஊழியன் யார் என்று சொல்கிறார்கள்? எங்கள் விசுவாசத்தைக் குறைக்காமல் இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


சங்கரத்தையான்

ரீச்சர், யாரும் எதையும் மறைக்கவில்லை. முதலில் அந்தக் காணொளியை முடித்துவிடுவோம்.

ஜெப ஆலயத்தில் மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவை ஓய்வுநாள் தோறும் ஒழுங்காக வாசித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள். கூடவே தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு பகுதி வரும். அதற்கு ஹஃப்தாரா என்று பெயர். தோரா முழுதாக வரும். தீர்க்கதரிசிகள் தெரிந்தெடுத்த பகுதிகளாக மட்டும்தான் வரும். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து ஆப் மாதம் 9 ஆம் நாள் உபவாசம் இருப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற ஏழு ஓய்வுநாட்களும் ஆறுதலின் வாரங்கள். ஏழுக்கும் ஏசாயா 40 க்குப் பிற்பட்ட அதிகாரங்கள்தான். நான்காம் கிழமை வாசிப்பு 52:12 இல் முடிகிறது. அடுத்த கிழமை 54:1 இல் தொடங்குகிறது. நடுவில் விடுபட்டதைப் பிடித்துக்கொண்டுதான் தடைசெய்த அதிகாரம் என்கிறார்கள். கிறிஸ்தவர்களோடு இருந்த வாதத்தால் அதைத் தவிர்த்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் அது மறைப்பு ஆகாது. எரேமியாவிலும் எசேக்கியேலிலும் வாசிப்புக்கு வராத அதிகாரங்கள் நிறைய. எங்கள் ஞாயிறு வாசகங்களில் லேவியராகமம் எவ்வளவு வருகிறது?

1524-25 இல் வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் அச்சிட்ட யூத வேதாகமத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும். மூல வசனம், அதன் பக்கத்தில் தார்கூம் என்ற அரமேய மொழிபெயர்ப்பு, சுற்றிவர ராஷி, இபன் எஸ்ரா என்ற இடைக்கால யூத உரைகாரரின் உரைகள். ஏசாயா 53 க்கும் இதே ஏற்பாடுதான். மறைக்க நினைத்தவர்கள் அதைச் சுற்றி இவ்வளவு உரை எழுதி வைக்க மாட்டார்கள்.

இனி, ஊழியன் யார்? யூதரிடம் ஒரே பதில் இல்லை. தார்கூம் 52:13 இலேயே மேசியா என்று சொல்லிவிடுகிறது, ஆனால் துன்பத்தை மேசியாவின் மேல் வைக்காமல் வேறு ஆட்கள் மேல் மாற்றிவிடுகிறது. யூத ரபிமாரின் பெரிய தொகுப்பான தல்மூதில் சோத்தா என்ற பகுதி (14அ) கடைசி வசனத்தை மோசேக்குப் பொருத்துகிறது. அதிலேயே சன்ஹெத்ரின் என்ற பகுதி (98ஆ) மேசியாவை நோயாளியாகக் காட்ட 53:4 ஐ எடுக்கிறது. யூத அறிஞர் சாதியா காவோன் எரேமியா என்றார். ராஷி இஸ்ரவேல் சனம் முழுவதையும் ஒரே ஆளாக எடுத்து வாசித்தார். இது ராஷி புதிதாகச் சொன்னதும் அல்ல. 3 ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், தான் வாதாடிய யூதர்கள் இதைச் சிதறுண்ட முழுச் சனத்துக்கும் பொருத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ராஷியின் வாசிப்பில் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 52:15 இல் ராஜாக்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அடுத்த வசனத்தில் ஒரு குரல் 'நாங்கள்' என்று பேசத் தொடங்குகிறது. யார் அந்த நாங்கள்? ராஷி சொல்கிறார், அந்த ராஜாக்கள்தான், அவர்களுடைய சனங்கள்தான். இஸ்ரவேலைத் தேவன் தண்டித்தார் என்று நினைத்திருந்தோம், அதன் துன்பம் எங்களுக்கு நிவாரணமாக இருந்திருக்கிறதே என்று பிற சனங்கள் திகைத்துச் சொல்கிற அறிக்கை. ராஷி (1040–1105) வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் படித்தவர். 1096 இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் அந்த நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தபோது அவர் உயிரோடு இருந்தார். அந்தப் பின்னணியில் இந்த உரையைப் படிக்கும் ஆய்வாளர்கள் பலர்.


கிருபை

ஐயா எழுதியதை முழுவதும் வாசித்தேன். அந்தக் காணொளியை நானும் பார்த்திருக்கிறேன். யூதரைக் கேலி செய்கிற தொனி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சத்தியத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

ஊழியன் இஸ்ரவேல் என்றால் 53:8 இல் 'என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்' என்று ஏன் வருகிறது? ஜனம் ஜனத்துக்காகவே அடிபடுமா? 53:9 இல் அவர் கொடுமை செய்யவில்லை, வாயில் வஞ்சனை இல்லை. அதே ஏசாயா 42 ஆம் அதிகாரத்தில் ஊழியனாகிய இஸ்ரவேலைக் குருடன், செவிடன் என்கிறார். அப்படியானால் குற்றமற்றவர் வேறு ஒருவர்தானே. அப்போஸ்தலர் 8 இல் எத்தியோப்பிய மந்திரி இதே பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்தார். அது எனக்குப் போதும்.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிலர், 40 ஆம் அதிகாரத்திலிருந்து பேசுவது பிற்காலத்து வேறொருவர், இரண்டாம் ஏசாயா என்று கதைப்பதையும் கேட்கிறேன். சாக்கடலோரக் கும்ரானில் 1947 இல் கிடைத்த ஏசாயாச் சுருளில் 39 ஆம் அதிகாரத்துக்கும் 40 க்கும் இடையே பிரிவே இல்லை. பத்தியின் அடிவரியில் 40 தொடங்கிவிடுகிறது. ஒரே புத்தகம், ஒரே தீர்க்கதரிசி.


சங்கரத்தையான்

போதகர் ஐயா, உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் பலமானவை. கூட்டு வாசிப்புக்கு உண்மையாகவே இடைஞ்சல் கொடுக்கிற வசனங்கள் அவை. கூட்டு வாசிப்பை எடுக்கிற யூத உரைகாரர் சிலருடைய பதில், 53:8 ஐயும் அந்தப் பிற சனங்களே பேசுகிறார்கள், 'என் ஜனம்' என்பது அவரவருடைய சனம் என்பது. எல்லோருக்கும் அது திருப்தி தராது. மறுபக்கத்தில், தனி ஆள் வாசிப்புக்கு இடைஞ்சல் 49:3. அங்கே தேவன் ஊழியனைப் பார்த்து 'இஸ்ரவேலே' என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். மூன்று வசனம் கழித்து அதே ஊழியனுக்கு இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரும் வேலை கொடுக்கப்படுகிறது. சனமும் அவனே, சனத்துக்கு அனுப்பப்பட்டவனும் அவனே. ஜெர்மன் அறிஞர் பெர்ன்ஹார்ட் தூம் 1892 இல் ஏசாயாவிலிருந்து நான்கு ஊழியன் பாடல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இன்றுவரை அந்த முடிச்சு அவிழவில்லை.

கும்ரான் சுருள் பற்றி நீங்கள் சொன்னது சரி. 32 ஆம் பத்தியின் கடைசி வரியில்தான் 40 தொடங்குகிறது. ஆனால் அந்தச் சுருள் கிமு 2 ஆம் நூற்றாண்டு அளவில் எழுதப்பட்டது. யூதர் நாடுகடத்தப்பட்ட பாபிலோன் சிறையிருப்புக்கு நானூறு வருடங்கள் பிந்தியது. அந்தக் காலத்தில் ஏசாயா ஒரே புத்தகமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. எத்தனை கைகள் எழுதின என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

இரண்டாம் ஏசாயா என்று பிரிப்பவர்கள், தேவனால் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதால் அப்படிச் செய்கிறார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அவர்களுடைய வாதம் அதுவல்ல. 40 ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். சிறையிருப்பு வரும் என்று எங்கும் எச்சரிக்கை இல்லை. ஏற்கெனவே வந்து, எருசலேம் பாழாகக் கிடந்து, தண்டனையும் தீர்ந்துவிட்டது என்ற நிலையில்தான் பேச்சே தொடங்குகிறது. பாரசீக ராஜா கோரேஸ் 44:28 இலும் 45:1 இலும் பெயரோடு வருகிறார். கேட்பவர்களுக்கு அவர் யார் என்று விளக்கமே தேவைப்படவில்லை. கிமு 539 இல் பாபிலோன் அவர் கையில் விழுந்தது. அந்த நாட்களில் அங்கே இருந்த சனத்துக்குப் பேசிய குரல் இது. 12 ஆம் நூற்றாண்டிலேயே இபன் எஸ்ரா இதைத் தொட்டும் தொடாமலும் சொல்லிவிட்டார்.

அப்போஸ்தலர் 8 இல் எனக்குப் பெரிதாகப் படுவது மந்திரியின் கேள்வி. தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார், தன்னையா, வேறொருவரையா? லூக்கா அந்தக் கேள்வியை மதித்து எழுதி வைத்திருக்கிறார். ரீச்சர் வகுப்பை அந்தக் கேள்வியிலேயே தொடங்கலாம்.

புதிய ஏற்பாடும் இந்தப் பகுதியை ஒரே விதமாக எடுக்கவில்லை. மத்தேயு 8:17 இல் 53:4 சிலுவைக்காக வரவில்லை. பேதுருவின் மாமியையும் பிசாசு பிடித்தவர்களையும் சுகமாக்கியதற்காக வருகிறது. 1 பேதுரு 2 இல் அநியாயமாக அடிபடும் வேலைக்காரருக்கு முன்மாதிரியாக வருகிறது. ரோமர் 15:21 இல் பவுல் 52:15 ஐத் தன் சொந்த ஊழியத்துக்கே பொருத்துகிறார்.


வண்ணை_வாசகன்

நான் சைவன். இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த இழையை வாசிக்கும்போது எங்கள் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறது.

மூலத்தைச் சுற்றி உரை, உரைக்குள் மற்ற உரைகாரரோடு வாதம். திருக்குறளுக்குப் பத்துப் பேர் உரை செய்தார்கள் என்று சொல்கிறோம். பரிமேலழகர் தனக்கு ஒவ்வாத உரையையும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். மணக்குடவர் குறளை அடுக்கிய ஒழுங்கே வேறு. இதனால் யாரும் வள்ளுவரைக் கைவிடவில்லை. ஒரு வசனத்துக்கு நான்கு பொருள் சொல்கிறார்கள் என்றதும் யூதருக்கு உண்மை தெரியாது என்று முடிவு கட்டுவது தமிழ் படித்தவர்களுக்குப் பொருந்தாத அவசரம்.

இன்னொன்று. 1840களில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1854 இல் அவர் எழுதிய சைவதூஷணபரிகாரத்தை எத்தனை கிறிஸ்தவர்கள் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? மிஷனரிமார் சைவக் கிரியைகளை வெறும் சடங்கு, அஞ்ஞானம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நாவலர் பழைய ஏற்பாட்டையே எடுத்துக்காட்டிப் பதில் கொடுத்தார். கூடாரம், பலிபீடம், தூபம், விளக்கு, அபிஷேக எண்ணெய், ஆசாரியர், சுத்தம், தீட்டு எல்லாம் உங்கள் வேதத்திலேயே கடவுள் கட்டளையாக இருக்கிறதே, அங்கே புனிதமானது இங்கே எப்படி இழிவாகும் என்று. லேவியராகமத்தை அவர் அளவுக்கு ஊன்றிப் படித்த கிறிஸ்தவர் அந்தக் காலத்தில் இங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?


பாசையூர்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். நான் சில காலம் குருமடத்தில் படித்தவன்.

1943 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலியத்தின் இலக்கிய வகைகளையும் எழுந்த சூழலையும் ஆராயும்படி அறிஞர்களை ஊக்கப்படுத்தினார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே இரண்டாம் எசாயா என்று சொல்வது எங்களுக்குத் தடை இல்லை. எங்கள் பைபிள் முன்னுரைகளிலேயே இருக்கிறது.

2001 இல் திருப்பீட விவிலிய ஆணையம் யூத மக்களும் அவர்களுடைய புனித நூல்களும் பற்றி ஒரு நீண்ட ஆவணம் வெளியிட்டது. விவிலியத்தை யூதர் வாசிக்கும் முறை சாத்தியமான ஒன்றே, கிறிஸ்தவ வாசிப்போடு பக்கத்தில் நிற்கக்கூடியது என்கிறது அது. கிறிஸ்தவ வாசிப்பு பின்னோக்கிப் பார்க்கும் வாசிப்பு என்றும் சொல்கிறது. உயிர்த்த இயேசுவைச் சந்தித்தவர்கள் திரும்பிப் போய் எசாயாவைப் புரட்டியபோது அங்கே அவரைக் கண்டார்கள். அந்த அனுபவம் இல்லாத ஒருவர் அதே பக்கத்தைத் திறந்து அவரைக் காணவில்லை என்றால் அது பிடிவாதமோ குருட்டுத்தனமோ அல்ல.

பெரிய வெள்ளியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முதல் வாசகம் எசாயா. பிறகு யோவானின் பாடுகள். யோவான் நற்செய்தியில் 'யூதர்' என்ற சொல் சுமார் 70 தடவை வருகிறது, பல இடங்களில் எதிரிகளைக் குறிக்க. இயேசுவும் யூதர், மரியாளும் யூதர், சீடர் எல்லோரும் யூதர் என்பது கேட்பவர் மனதிலிருந்து நழுவிவிடுகிறது. எங்கள் ஊர்களில் தவக்காலத்தில் பாடுகளின் காட்சி போடுகிறோம். அதில் கறுப்புத் தாடியோடு கத்துகிற யூதர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். வாழ்க்கையில் ஒரு யூதரையும் கண்டதில்லை, ஆனால் யூதர் என்றால் யார் என்று எனக்கு ஆறு வயதிலேயே தெரியும் என்று நினைத்திருந்தேன். இது சின்ன விஷயம் அல்ல. இயேசுவின் சாவை அன்றைய யூதர் எல்லோர் மீதும் இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று சங்கம் 1965 ஒக்டோபர் 28 இல் சொல்லிவிட்டது. எங்கள் மேடைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.


சங்கரத்தையான்

வண்ணை வாசகன் நாவலரை இழுத்தது இந்த இழைக்கே உயிர் கொடுத்தது. அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

நவீன வேதாகம ஆய்வு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் யூலியுஸ் வெல்ஹவுசன். 1878 இல் வந்த அவருடைய நூல் ஐந்தாகமங்களை, அதாவது தோராவை, நான்கு மூலங்களாகப் பிரித்து, ஆசாரியச் சட்டங்கள் கடைசியாக, சிறையிருப்புக்குப் பிறகு வந்தவை என்றது. அந்த ஆய்வில் பெரிய உழைப்பு இருக்கிறது. இன்றும் அதோடு வாதாடாமல் யாரும் ஆதியாகமத்தைப் படிக்க முடியாது. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருந்தது. ஆரம்பத்தில் உயிரோட்டமான, இயல்பான பக்தி. பிறகு சட்டமும் சடங்கும் வந்து அதை இறுக்கிவிட்டன. யூத மதம் அந்த இறுக்கம். யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் 1903 இல் நியூயோர்க்கில் பேசியபோது, உயர் விமர்சனம் என்று பெயர்பெற்ற இந்த ஆய்வு உயர்தர யூத வெறுப்பு என்றே சொன்னார். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயத்திலிருந்து ஆயிரக்கணக்கான தோல் துண்டுகளையும் தாள்களையும் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆய்வுக்குப் பயந்த ஆள் அல்ல. தன் சனத்தின் வழிபாட்டை வெளியில் இருந்து ஒருவர் 'செத்த சடங்கு' என்று எழுதி, அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்ததைத்தான் அவர் எதிர்த்தார்.

இதை நாவலருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை நூற்றாண்டு முந்தி, வண்ணார்பண்ணையில், அதே காயத்துக்கு அதே பதில். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பரம்பரையில் வந்தவன் நான். அந்தப் பள்ளி 1823 முதல் 1855 வரை இந்த மண்ணுக்குச் செய்ததை மதிக்கிறேன். ஆனாலும் கோயில் பூசையைப் பற்றி மிஷனரிமார் எழுதியதும் பரிசேயர் என்ற யூதப் பிரிவினர் பற்றி எங்கள் பிரசங்கங்களில் இன்றும் சொல்வதும் ஒரே அச்சில் வார்த்தவை. 1977 இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ், பவுல் காலத்து யூத மதம் கிருபையை அறியாத மதம் என்ற படம் யூத நூல்களில் எங்கும் இல்லை என்று காட்டினார். உடன்படிக்கை முதலில், கட்டளை அதற்கு மறுமொழியாகச் செய்வது.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்கு இது விளங்க வேண்டும். எங்கள் வழிபாட்டை இன்னொருவர் எங்களுக்கே விளக்கிச் சொன்ன அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. ஒரு நூலை முதலில் கையில் வைத்திருந்த சனத்திடம் கேட்காமல் அந்தச் சனத்தைப் பற்றிப் பேசக் கூடாது.


கைதடி

நான் இறையியல் படித்தவள் அல்ல. ஒன்றைக் கேட்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்த சனத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. பிறகு ஒரு பிரசங்கத்தில், துன்புறும் ஊழியன் எங்கள் சனம்தான் என்று கேட்டேன். அன்று அது ஆறுதலாக இருந்தது. வருடங்கள் போகப் போக நெஞ்சில் குத்துகிறது. செத்த பிள்ளைகள் யாருடைய பாவத்துக்குப் பலி? அந்தப் பலியை யார் கேட்டது? இங்கே எழுதியிருப்பதைப் பார்த்தால் ராஷியும் அதைத்தானே சொல்கிறார்?


சங்கரத்தையான்

அக்கா, உங்கள் கேள்வியை யூதர்களே கேட்டிருக்கிறார்கள். ஹிட்லர் காலத்துப் படுகொலைக்குப் பிறகு ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் 1966 இல், அந்தச் சாவுகளுக்குத் தேவ நோக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது என்று எழுதினார். இம்மானுவேல் லெவினாஸ், மற்றவன் படும் வேதனைக்கு நான் நியாயம் கற்பிப்பதே எல்லா அநியாயத்துக்கும் ஊற்று என்றார்.

அதிகாரத்தை ஒருமுறை யார் பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்து வாசியுங்கள். 52:13 இல் தேவன் பேசுகிறார். 53:1 இலிருந்து பார்த்து நின்றவர்கள் பேசுகிறார்கள். முடிவில் மறுபடியும் தேவன். ஊழியன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'எங்களுக்காக அடிபட்டான்' என்பது பார்த்து நின்றவனின் பாவ அறிக்கை. அதை அடிபட்டவனிடம் போய் உன் கடமை இதுதான் என்று சொல்ல அந்த அதிகாரம் யாருக்கும் உரிமை தரவில்லை. உங்களுக்கு அதைப் பிரசங்கித்தவர் ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பார். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.


கைதடி

இதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன், அண்ணை.


கிருபை

என் நிலை மாறவில்லை. இந்த அதிகாரத்தை வாசித்தால் நான் சிலுவையைத்தான் காண்கிறேன், சாகும்வரை அப்படித்தான் பிரசங்கிப்பேன். பின்னோக்கிப் பார்ப்பது என்று பாசையூர்த் தம்பி சொன்னது எனக்குப் போதாது. தேவன் முன்னமே அறிந்து எழுதுவித்தார் என்று நம்புகிறேன். ஆனால் அக்கா கேட்டதற்கு ஐயா எழுதிய பதிலை எங்கள் சபையில் வாசிக்கப் போகிறேன். பேசுபவர் யார் என்று பார்க்கிற அந்த வாசிப்புக்கு இரண்டாம் ஏசாயா தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.


பாசையூர்

தேவைப்படவில்லைத்தான், போதகர். அதனால்தான் அதை உங்கள் சபையிலும் எங்கள் பங்கிலும் ஒரே நாளில் படிக்கலாம்.


குருநகர்_மறைப்பள்ளி

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன். முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கம் ஒன்றும் சொல்லாமல், எத்தியோப்பிய அமைச்சரின் கேள்வியை மட்டும் கரும்பலகையில் எழுதி, பேசுபவர்களை நிறப் பென்சிலால் குறிக்கச் சொல்லப் போகிறேன். இரண்டாம் வகுப்பில் ராஷி. மூன்றாவதில் மத்தேயுவும் பேதுருவும் யோவானும். அந்தக் காணொளியையும் போட்டு, எங்கே பிழை என்று அவர்களையே சொல்ல வைப்பேன்.

பாடுகளின் காட்சியில் யூதர் கூட்டமாக வருகிற பொடியன்களும் இந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள். தாடி வேண்டாம் என்று காட்சியைப் பழக்குகிற அண்ணாவியாரிடம் கதைக்க வேண்டும். அவர் லேசில் கேட்க மாட்டார், ஆனால் கதைப்பேன்.

சங்கரத்தையான் ஐயா, ராஷியின் உரையில் இந்தப் பகுதியை மட்டும் எளிய தமிழில் தருவீர்களா?


சங்கரத்தையான்

தருகிறேன், ரீச்சர். 53:1 இல் தொடங்காதீர்கள், 52:13 இல் தொடங்குங்கள். அதிகாரப் பிரிவு 13 ஆம் நூற்றாண்டில் வந்தது. ராஷிக்கு அது தெரியாது. ராஜாக்கள் வாயடைத்து நிற்கிற வசனத்தைப் பிரித்துவிட்டால் 'நாங்கள்' யார் என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு எழாது. மொத்தம் 15 வசனம். முதல் ஐந்தை ஞாயிறு இரவுக்குள் இங்கேயே போடுகிறேன். வண்ணை வாசகன், உரைநடை உரைகாரர் தமிழ் மாதிரி வந்தால் திருத்திவிடுங்கள்.


வண்ணை_வாசகன்

கட்டாயம். அனுப்புங்கள்.